படுவான்கரைப் பட்டறைகள்: நாலு நாள் அளவுக் குறிப்பு

ஜூலை 11, வெள்ளி – கொக்கட்டிச்சோலைப் பக்கம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போக மண்முனைப் பாலத்தில் ஏறும்போதே கச்சான் காற்று முகத்தில் அறைந்தது. காலை எட்டு மணிக்கே அடுப்படியில் நிற்கிற சூடு. 2014இல் பாலம் திறக்கும்வரை இந்த இடத்தில் பாதை என்று சொல்லும் மிதவைதான் ஓடியது. இப்போது வாவியைக் கடக்க ஒரு வெற்றிலை போடும் நேரம்கூடப் பிடிப்பதில்லை. ஓட்டோ முழுநாளுக்கு 6,000 ரூபா. 5,500க்கு இறக்கியிருக்கலாம். ஆனால் ஏணி, முக்காலி, பத்து மீற்றர் குழாய் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் ஏற்றுகிறவரிடம் பேரம் பேசுவது புத்தியில்லை.

தேடி வந்தது பழைய நெற்பட்டறைகளை. வெளியூர் ஆட்களுக்கு ஒரு சொல்: இங்கே பட்டறை என்றால் கொல்லன் பட்டறை இல்லை. வீட்டு வளவில், நிலத்தில் படாமல் கால்களில் நிற்கும் நெல் அறை. பலகையால் அடித்தது ஒரு வகை, வரிச்சுக் கட்டி மண் பூசியது இன்னொரு வகை. வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், நிற்பது வாடி. அது ஆள் தங்க. காவலுக்குக் கட்டும் பரண் வேறு. மூன்றையும் ஒரே பெயரில் எழுதிவைத்த குறிப்புகள் கண்ணில் படுகின்றன. பிறகு வருகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

முதலில் பார்த்தது மண் பட்டறை. 2.1 மீற்றர் நீளம், 1.8 அகலம், ஆறு கால். சொந்தக்காரருக்கு எழுபது தாண்டியிருக்கும். படலையில் நின்ற எங்களிடம், "யானைக் கணக்கெடுக்கவா மனே வந்திருக்கீங்க?" என்றார். பட்டறையை அளக்க என்றதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெற்றிலை வட்டாவை எடுத்துவந்து முன்னால் வைத்தார்.

வெளிச்சுவர் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று இருந்தது. பத்து வருடத்துக்கு முன் மகன் வெளிநாட்டுக் காசு அனுப்பி, "பழசு விழாம இருக்கட்டும்" என்று சீமெந்து பூசக் கொடுத்தாராம். விரல் முட்டியால் தட்டினால் மேலே திண்ணென்ற சத்தம். நிலப்பக்கம் அரை மீற்றருக்குப் பானையைத் தட்டுகிற சத்தம். அங்கே தமரூசியை வைத்து அழுத்தினோம், நாலு சென்ரிமீற்றர் தன் பாட்டில் உள்ளே போனது.

காரணம் எளிது. மண் சுவர் மாரியில் ஈரத்தை இழுத்து, வெயிலில் வெளியே விடும். வெளிப்பக்கத்தைச் சீமெந்து மூடிவிட்டால், ஒரு மயிர்வெடிப்பால் நுழைந்த தண்ணீருக்குப் போக வழி கிடையாது. அது கீழே இறங்கி வரிச்சின் அடியில் நிற்கும். கம்பு உக்கும், உக்கிய கம்புக்குக் கறையான் வரும், பிறகு சீமெந்து ஓடு மட்டும் தனியே நிற்கும். வெளியே பார்க்கிறவருக்குப் பட்டறை புதிதாகத் தெரியும். ஒன்றும் பூசாமல் விட்டிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

கழற்றுவதென்றால் சுத்தியலால் மொத்தமாக உடைக்கக்கூடாது. சத்தம் வெறுமையாகக் கேட்கும் இடத்தில் தட்டை உளியைச் சுவரோடு படுத்தபடி நுழைத்துத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். இறுக்கமாகப் பிடித்திருக்கும் இடத்தை அப்படியே விடலாம். இழுத்தால் பழைய மண்ணையும் கொண்டு வந்துவிடும். பூச்சுக்கு மண் தேடும்போது போத்தல் சோதனை போதும். ஒன்றரை லீற்றர் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், ஒரு சிட்டிகை உப்பு, கழுத்துவரை தண்ணீர். நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வைத்தால் மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலேயும் படியும். இரண்டு போத்தல் வைத்தோம். "நாளைக்குக் காலமதான் பார்க்கோணும்" என்று பேரனிடம் சொல்லிவிட்டு வளவைச் சுற்றி வருவதற்குள் ஒன்றை ஆள் குலுக்கிவிட்டான். மற்றதைப் பெரியவர் பெட்டகத்தின் மேல் ஏற்றினார்.

மதியம் கொக்கட்டிச்சோலைச் சந்தியில் சோறு 450 ரூபா. வாவி மீன் குழம்பு, பூசணிக்காய், கீரை, அப்பளம். கேட்காமலே இரண்டாம் தரம் சோறு போட்டார்கள். ஐந்து மணிக்கு முன் வட்டைப் பக்கத்தை விட்டு வந்துவிடச் சொன்னார்கள். யானை நெல் மணத்துக்குச் சுவரைத் தள்ளும் ஊர் இது. வயலோரத்து வாடியில் நெல் வைப்பதை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜூலை 12, சனி – பழுகாமம்

காலையிலேயே பெரியவர் வீட்டிலிருந்து போத்தலின் படம் போனுக்கு வந்தது. பன்னிரண்டு சென்ரிமீற்றர் மண்ணில் மணல் 7, வண்டல் 2, களி 3. களி நாலில் ஒரு பங்கு. அப்படியே பூசினால் வெடிக்கும். இரண்டு பங்கு அந்த மண், ஒரு பங்கு ஆற்று மணல், விரல் நீளத்துக்கு வெட்டிய வைக்கோல் ஒரு பங்கு, சாணம் அரைப் பங்கு என்று தொடங்கலாம். வைக்கோலோடு ஐந்தாறு நாள் ஊறி, புளித்த மணம் வந்தபின் மிதிக்க வேண்டும். சுவரில் முதலில் ஒரு சாண் சதுரமாக மூன்று துண்டு, ஒவ்வொன்றிலும் மணலைக் கூட்டிக் குறைத்துப் பூசி மூன்று நாள் பார்க்க வேண்டும். வெடிப்பில்லாததும், கையால் தேய்த்தால் உதிராததும் எதுவோ அதுதான் அந்த வீட்டுக் கலவை. இதைக் குரல் பதிவாக அனுப்பினோம். எழுத்தை அவர் வாசிக்கமாட்டாராம், கண் மங்கல்.

பட்டிருப்புப் பாலம் தாண்டிப் பழுகாமம். இங்கே நிற்பது பலகைப் பட்டறை. எட்டுக் கால், கால்கள் பாலை, பலகை முதிரை. முதிரையை முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை; பழசானாலும் ஓரத்தைச் சுரண்டினால் பொன் மஞ்சள் மினுங்கும். வீட்டுக்கார அம்மா ஒரு நிபந்தனைதான் வைத்தார்: "செருப்பக் கழட்டிப்போட்டு ஏறுங்க மனே. நெல்லு இல்லாட்டியும் அது நெல்லுக் கிடந்த இடம்."

முதல் ஒரு மணி நேரம் அளக்கும் ரேப்பைத் தொடக்கூடாது. கட்டம் போட்ட தாளில் நாலு முகமும், மேலிருந்து ஒன்றும், குறுக்கே வெட்டியது ஒன்றும் கையால் வரைந்து, காலுக்கும் பலகைக்கும் இலக்கம் போட வேண்டும். அளந்துகொண்டே வரைகிறவர் எப்போதும் ஒரு பலகையை மறப்பார். திசையைத் தகரக் கூரைக்குக் கீழே நின்று போனில் பார்த்தோம். வடக்கு ஏறக்குறைய இருபது பாகை பிசகியது. பத்து மீற்றர் தள்ளி முற்றத்தில் நின்றதும் சரியானது.

நீளத்தை ஒரு முனையில் பூச்சியம் வைத்து ஓட்டமாக வாசிக்க வேண்டும்: 0, 24.5, 49, 72.8... பலகை பலகையாக அளந்து கூட்டினால், ஒன்றுக்கு இரண்டு மில்லிமீற்றர் பிழைத்தாலும் பன்னிரண்டு பலகைக்கு இரண்டரைச் சென்ரிமீற்றர் ஏறிவிடும். பெட்டியின் வெளியளவு 3.02க்கு 2.41 மீற்றர். சரியான செவ்வகமென்றால் மூலைக்கு மூலை 3.86 வர வேண்டும். ஒரு பக்கம் 3.91, மறுபக்கம் 3.82. கண்ணுக்கு நேராகத் தெரிந்த பட்டறை இணைகரமாகத் திரும்பியிருந்தது. நாலு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டுப் போயிருந்தால் வரைபடம் அழகாகவும் பொய்யாகவும் இருந்திருக்கும்.

ஏன் திரும்பியது என்பதைத் தண்ணீர்க் குழாய் சொன்னது. எட்டு மில்லிமீற்றர் தெளிவான குழாயில் நிறம் கலந்த தண்ணீர். ஒரு முனை நிலையாக முதல் காலில், மறுமுனை ஒவ்வொரு காலாக. குழாயில் குமிழி இருந்தால் அளவு பொய்க்கும். ஒரு பாதி வெயிலிலும் மறு பாதி நிழலிலும் கிடந்தாலும் பொய்க்கும். வடகிழக்குக் கால் 6.5 சென்ரிமீற்றர் கீழே. தலையை நிமிர்த்திப் பார்த்தால் அந்த மூலையில்தான் கூரைத் தண்ணீர் விழுகிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் பழைய கூரை போய், பிறகு போட்ட தகரம் ஒரு முழம் கட்டையாம். அந்த ஒரு முழம்தான் காலை இறக்கியிருக்கிறது.

திருத்தம் கூரையில் தொடங்க வேண்டும், காலில் இல்லை. தகரத்தை நீட்டிய பிறகு பக்கத்துச் சட்டத்துக்குக் கீழே வாகனம் உயர்த்தும் ஜக் வைத்து, ஒரு தரத்துக்கு மூன்று நாலு மில்லிமீற்றருக்கு மேல் தூக்காமல், நடுவில் ஒரு நாள் விட்டு விட்டு ஏற்றலாம். அவசரப்பட்டால் முதிரை பிளக்கும். பழைய முதிரை பிளந்தால் அதை ஒட்ட ஒன்றும் கிடையாது. உக்கிய அடியை நல்ல மரம் வரும்வரை அறுத்து, காலின் அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்குச் சாய்வுப் பொருத்தில் புதுத் துண்டு சேர்க்க வேண்டும். கீழே கல், கல்லின் மேற்பரப்பு வெளியே சாய்வாக. ஊரில் வழக்கமாகச் செய்வது காலைச் சுற்றிக் கொங்கிறீட் ஊற்றுவது. அது ஒரு கிண்ணம். தண்ணீர் நிற்கும், ஐந்தாறு மாரியில் மரம் உள்ளே கரையும்.

காலின் உயரம் 85 சென்ரிமீற்றர். ஒவ்வொன்றின் தலையிலும் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிக் கவிழ்த்த புனல். எலி ஏறி வந்தால் புனலுக்குள் முட்டித் திரும்பும். எட்டில் ஆறு இருக்கிறது. ஆனால் மேற்குப் பக்கம் விறகு அடுக்கியிருந்தார்கள். எலிக்கு ஏணி வைத்த பிறகு புனல் எத்தனை இருந்து என்ன. சுற்றிவர ஒரு மீற்றர் வெறுமையாக இருக்க வேண்டும்.

மதியத்துக்குப் பிறகு படம் எடுத்ததில் கோட்டைவிட்டோம். ஒவ்வொரு படமும் முன்னதோடு முக்கால் பங்கு பொருந்தும்படி, இரண்டு உயரத்தில் சுற்றி 140 படம். கணினியில் சேர்த்தால் தெற்குச் சுவர் இரண்டாகப் பிளந்து தெரிந்தது. தென்னோலை நிழல் கச்சானில் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. நிழல் நகர்ந்ததைச் சுவர் நகர்ந்ததாகக் கணினி எடுத்துக்கொண்டது. வெயில் இறங்கிய பின் ஐந்தே முக்காலுக்கு முழுவதையும் திரும்ப எடுத்தோம். அளவுகோல் இரண்டு, ஒன்று கிடையாக, ஒன்று நிமிர்த்தி; ஒன்று மட்டும் வைத்தால் சரிபார்க்க வழியில்லை.

உள்ளளவு 2.94க்கு 2.33. நெல் ஏறிய தடம் பலகையில் 1.5 மீற்றரில் கோடாகத் தெரிகிறது. 10.28 கன மீற்றர். ஒரு புசலுக்கு 36.4 லீற்றர் வைத்தால் 282 புசல். புசல் நெல் 20.86 கிலோப்படி ஏறக்குறைய 5.9 தொன். "முந்நூறு புசல் கொள்ளும்" என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தார், ரேப் இல்லாமல்.

எருமைத் தயிர் சட்டி 600 ரூபா. சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் இறங்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு – சம்மாந்துறை

கல்முனையில் இரவு தங்கி, விடிய சம்மாந்துறை. வீட்டில் ஆண்கள் வயலுக்குப் போயிருந்ததால் முக்கால் மணி நேரம் ஒழுங்கை முனையில் நின்றோம். உள்ளே இருந்து பிள்ளையிடம் தேத்தண்ணி வந்தது, இடியப்பமும் மாட்டிறைச்சி ஆணமும் வந்தது, கதவு மட்டும் திறக்கவில்லை. அதுதான் முறை. வீட்டுக்காரக் காக்கா (இங்கே முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) வந்து, "ஏன் தம்பி வெளியில நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்றபின் போனோம்.

பட்டறை வாசலின் மேற்சட்டத்தில் ஒரு சொல் வெட்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக அதை யாரோ தச்சனின் பெயர் என்று நினைத்திருக்கிறார்கள். நேரே வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். "வெகுதானிய". வருடப் பெயர். நெல் அறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று தச்சன் மகிழ்ந்திருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் அறுபது வருடத்துக்கு ஒரு தரம் அது திரும்ப வரும்: 1878–79, 1938–39, 1998–99. கடைசி வருடம் இல்லையென்று காக்காவின் வயதே சாட்சி. அவர் சிறுவனாக இதற்குள் ஒளிந்து விளையாடியவர். முதல் இரண்டில் எது?

கூரையில் மங்களூர் ஓடு கிடக்கிறது. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை 1865இல் தொடங்கியது. ஆகவே ஓடு இரண்டு வருடத்தையும் விலக்கவில்லை. ஓடு பின்னால் ஏற்றியதாகவும் இருக்கலாம். முதிரை, பாலையில் வளையம் எண்ணி நம்பி வயது சொல்ல முடியாது. மிஞ்சியது ஆணி. வெளியே தெரியும் ஆணி எதையும் நிரூபிக்காது, திருத்த வந்தவர் அடித்திருப்பார். ஒரு மூலையில் மட்டும் பலகை தானாகவே விலகி, பொருத்தின் உட்பக்கம் தெரிந்தது. மரவாணி இரண்டு, நடுவில் ஓர் ஆணி. உருண்டைக் கம்பி ஆணி. கழற்றாமல் அடிக்க முடியாத இடம். பழைய காலத்துக் கொல்லன் கையால் அடித்த ஆணியென்றால் சதுரமாக, நுனிக்குப் போகப் போக ஒடுங்கும். ஆகவே 1938 பக்கமே சாய்கிறோம், "பெரும்பாலும்" என்ற சொல்லோடு.

எதுவானாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதைத்தான் தானாகவே புராதனச் சின்னம் என்று எடுத்துக்கொள்கிறது. பிந்தியதென்றால் தனியாக அறிவிக்க வேண்டும். வளவுக்குள் நிற்கும் நெல் அறைக்கு யார் போய் விண்ணப்பம் எழுதுவது? தாளில் ஏற்றிவைப்பதுதான் கைக்கு எட்டிய காவல்.

பட்டறை ஏன் வெறுமையாக இருக்கிறது என்று காக்கா ஒரே மூச்சில் சொன்னார். முன்பு வெட்டிய கதிர் சூடாக, அதாவது குவியலாக, கிடந்து உலர்ந்து, களவெட்டி என்ற சூடடிக்கும் களத்தில் மிதித்து, தூற்றி, காய்ந்த பின்தான் வீட்டுக்கு வரும். இப்போது மிஷின் ஈரக் கதிரை வெட்டிக் கையோடு அடித்து, வயல் வரம்பில் நிற்கும் லொறிக்குள் கொட்டுகிறது. நெல்லை நம்பி அடைக்க ஈரப்பதம் 14 வீதத்துக்குள் வர வேண்டும். மிஷினிலிருந்து விழும் நெல் இருபதுக்கு மேலும் இருக்கும். அதைப் பட்டறையில் போட்டால் இரண்டு நாளில் கை வைக்க முடியாமல் கொதிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். காயப்போடக் களமும் இல்லை, ஆளும் இல்லை, கடன்காரர் காத்திருக்கவும் மாட்டார்.

உள்ளே நெல் இருந்த காலத்தில் வாரம் இரண்டு தரம் யாராவது ஏறுவார்கள். கறையான் புற்று விரல் நீளத்தில் இருக்கும்போதே கண்ணில் படும். பூட்டிய பட்டறையில் அது கூரைவரை போன பிறகுதான் தெரியும். அதற்கு இங்கே கழிவு ஒயில் பூசியிருந்தார்கள். செய்யவே கூடாது: தூசு பிடிக்கும், மரத்தின் நிறம் போகும், திரும்ப ஒரு நாள் நெல் வைக்க நினைத்தாலும் அந்த எண்ணெய் நெல்லில் ஏறும். மாதம் ஒரு தரம் கதவைத் திறந்துவிட்டு, காலில் மண் குழாய் ஏறியிருந்தால் தட்டிவிடுவது அதைவிடப் பெரிய வைத்தியம். செலவும் இல்லை.

வீட்டில் நெல் அளக்கும் மரைக்கால் ஒன்று இருந்தது. மரைக்காலுக்கு எத்தனை கொத்து என்று கேட்டால் ஊருக்கு ஊர் ஒரு கணக்குச் சொல்வார்கள். வாயால் சொன்னதை எழுதுவதோடு பாத்திரத்தையும் அளந்துவிட வேண்டும். மரப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது, உப்பிவிடும். நெல்லை நிரப்பிக் கோலால் தலை வழித்து, அந்த நெல்லை லீற்றர் குவளையால் திரும்ப அளந்தோம். மூன்று தரம் செய்து நடு அளவை எழுதினோம்.

ஜூலை 14, திங்கள் – மண்டூர்

குருமண்வெளித் துறையில் பாதை ஒன்றரை மணி நேரம் பிந்தியது. கச்சானுக்கு வாவி நுரைத்துக்கொண்டிருந்தது. அவித்த சோளன் இரண்டு 200 ரூபா. விற்றவர் உப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்துவிட்டு, "அவசரப்பட்டா ஆறு ஓடுமா?" என்றார்.

மண்டூரில் பார்க்க வந்தது கதவை. பட்டறைக்குப் பிணைச்சல் கதவு உதவாது. உள்ளே நிற்கும் நெல் தள்ளும், திறந்தால் எல்லாம் காலடியில். அதனால் வாசலின் இரு பக்கமும் நீளப் பள்ளமாகத் தவாளிப்பு வெட்டி, பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக மேலிருந்து இறக்குவார்கள். நெல் ஏற ஏறப் பலகை ஏறும். எடுக்கும்போது மேற்பலகையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். ஒன்பது பலகை, ஒவ்வொன்றும் 16 சென்ரிமீற்றர். இடம் மாறாதிருக்கத் தச்சன் ஒவ்வொன்றின் இடது முனையிலும் உளியால் வெட்டுப் போட்டிருக்கிறான்: ஒன்றுக்கு ஒரு வெட்டு, இரண்டுக்கு இரண்டு. ஐந்துக்குப் பெருக்கல் குறி, அதற்கு மேல் குறியும் வெட்டும்.

ஏழாவது பலகை இல்லை. அந்த உயரத்தில் ஒரு தகரத் துண்டு செருகியிருந்தது. எப்போது போனதென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பட்டறையைப் பற்றி மூன்று மணி நேரம் பேசி முடித்து, வளவில் மற்றக் கட்டடங்களைக் குறிக்கும்போது, கோழிக்கூட்டின் மூடி கொஞ்சம் கூடுதலாக நேர்த்தியாகத் தெரிந்தது. எச்சத்தைச் சுரண்டிவிட்டு இடது முனையை விரலால் தடவினால் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் இரண்டு வெட்டு.

வீட்டுக்கார அக்கா கிணற்றடியில் கழுவி, துடைத்து, தானே கொண்டுபோய்த் தவாளிப்பில் வைத்துப் பார்த்தார். இறங்கவில்லை. பலகை 81.5 சென்ரிமீற்றர், அந்த உயரத்தில் தவாளிப்புக்குத் தவாளிப்பு 80.9. "ஓரத்த ஒரு இழுப்புச் சீவினாச் சரிதானே தம்பி?" என்றார். வேண்டாம் என்றோம். பலகை சுருங்கவுமில்லை, உப்பவுமில்லை. நீளவாக்கில் மரம் அவ்வளவு மாறாது. வாசல்தான் ஆறு மில்லிமீற்றர் நெருங்கியிருக்கிறது. சட்டம் எவ்வளவு சாய்ந்ததென்று சொல்ல இந்த வளவில் மிஞ்சிய ஒரே சாட்சி அந்தப் பலகை. சீவினால் அதுவும் போகும். காலைத் திருத்தி நிமிர்த்தும் நாளில் அது தானாக இறங்க வேண்டும். இறங்கினால் நிறுத்தும் இடம் அதுதான்.

பலகையைப் பட்டறைக்குள்ளேயே, தரையில் படாமல், இரண்டு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். தகரம் கோழிக்கூட்டுக்குப் போனது. கடைசிப் பாதைக்கு நாங்கள் ஓடும்போது கோழிகள் தகரத்தைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு வெளியிலேயே நின்றன.